மூண்டாவது வரிசையில நில்லுங்கோ

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. ஞாயிறு காலை பத்தேகால் மணி. லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், எஃபிங்ஹாமிலிருந்து ரான்மோர் மேட்டுக்குப் போகிற ஒரு குறுகல் சாலை. எதிரே கார் வந்தால் ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் ஆள் உயர முள்வேலி. வெப்பநிலை 2 டிகிரி. எனக்கு முன்னால் பதினொரு சிவப்பு விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வளைவு வந்தது. திரும்பியதும் எண்ணிப் பார்த்தேன், எட்டு. அடுத்த வளைவுக்குப் பிறகு மூன்று. அதற்கடுத்த வளைவில் வெறும் சாலை.

சைக்கிள்காரர்கள் பாஷையில் இதற்கு ‘ட்ராப்’ ஆவது என்று பெயர். நம் பாஷையில் கழற்றி விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு முதுகுப் பாக்கெட்டிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. அந்தக் குளிரில் அது மிட்டாயாக இல்லை, செங்கல்லாக இருந்தது. கடித்தால் பல் போகும். அதை வாய்க்குள் ஒதுக்கி ஊறவைத்துக்கொண்டு நின்றபோது அன்று காலை அம்மா போனில் கேட்டது ஞாபகம் வந்தது: “இந்தக் குளிர்ல எதுக்குடா சைக்கிளு? கார் வாங்கிருக்கேன்னு சொன்னியே?” அப்போதும் பதில் இல்லை, அங்கே நின்றபோதும் இல்லை.

சர்ரே பக்கம் குடியேறும் நம்மாட்களில் சிலர் கிரிக்கெட்டுக்குப் போவார்கள், சிலர் கோயில் கமிட்டிக்குப் போவார்கள். நான் சைக்கிள் கிளப்பில் விழுந்தேன். இந்த நாட்டில் அது ரொம்பப் பழைய சமாச்சாரம். 1878-லேயே நாடு தழுவிய ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள், இன்றைக்கு ‘சைக்ளிங் யூகே’ என்ற பெயரில் இருப்பது அதுதான். 1880-களில் ஞாயிறானால் லண்டன்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரிப்ளி கிராமத்துக்கு மிதித்துப் போய், அங்கிருந்த ‘ஆங்கர்’ விடுதியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்களாம். நாங்கள் இப்போதும் அந்த ரிப்ளி வழியாகத்தான் போகிறோம். நூற்று நாற்பது வருஷமாக அதே சாலை, அதே ஞாயிறு, ‘கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா’ என்கிற அதே கூச்சல்.

அக்டோபரில் மலையேற்றப் போட்டிகளோடு பந்தய சீசன் முடியும். கேட்ஃபோர்டு கிளப் 1887-லிருந்து நடத்துகிற போட்டிகூட அந்த மாதத்தில்தான். அந்த மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்ததும் குளிர்கால ரைடுகள் தொடங்கிவிடும். மார்ச் முடிய, ஐஸ் இல்லாத ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பதே எட்டு மணிக்கு மேல். அதனால் எல்லா வண்டியிலும் விளக்கு எரியும். எழுபது, எண்பது கிலோமீட்டர், நடுவில் ஒரு டீக்கடை. வேகம் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் என்று அறிவிப்பில் போட்டிருக்கும்.

என்னை ஏமாற்றியது அந்த 24-தான். தனியாகப் போகும்போது நான் 24 மிதிப்பேனே, அப்புறம் ஏன் கழன்றுபோகிறேன்? ஒரு குளிர்காலம் முழுக்க எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆறு முறை போனேன், ஐந்து முறை கழன்றேன். ஆறாவது முறை கழலாததற்குக் காரணம், வேறொருவருக்குப் பஞ்சர் ஆகி எல்லோரும் நின்றதுதான்.

இதையெல்லாம் சரிசெய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எலக்ட்ரீஷியன் வேலை, தொப்பை உண்டு, வண்டியும் பழசு. ஆனால் கழன்று நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணை, உங்களுக்குக் கால்ல பலம் காணாது எண்டு நினைக்கிறியளோ?”

“ஆமாம்.”

“இல்லை. நீங்கள் நல்லா ஓடுறியள். ஒட்டி நிக்கத்தான் தெரியேல்லை. ஏன் எப்பவும் கடைசியில நிக்கிறியள்?”

“மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதேன்னுதான்.”

அவர் சிரித்தார். “அங்கதான் பிழை. மூண்டாவது வரிசையில நில்லுங்கோ.”

எங்கள் குழு இரண்டிரண்டு பேராகப் போகும். பன்னிரண்டு பேர் என்றால் ஆறு வரிசை. இது சும்மா பேசிக்கொண்டு போவதற்காக இல்லை. ஒற்றை வரிசையில் நீண்டு போனால் முந்திச் செல்லும் கார் எதிர்ப்பக்கத்தில் ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கும், இரட்டை வரிசை என்றால் தூரம் பாதி. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிப் புத்தகமும் இரண்டு பேர் சேர்ந்து போகலாம் என்று தெளிவாகவே சொல்கிறது.

சரி, கடைசி வரிசையில் என்ன சிக்கல்? ஒரு வளைவு வருகிறது. முதல் வரிசை பிரேக் பிடித்துத் திரும்பி, பழையபடி மிதிக்கத் தொடங்குகிறது. அப்போது கடைசி வரிசை இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி ஆள் வளைந்து வெளியே வரும்போது முன்னால் இருப்பவர்கள் 24-ஐத் தொட்டுவிட்டார்கள். அவர் 30 மிதித்தால்தான் சேர முடியும். சேர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. ஆர்மோனியத் துருத்தி மாதிரி குழு சுருங்கி விரிந்துகொண்டே போகும், அந்த விரிப்பு முழுக்க விழுவது கடைசி ஆள் தலையில். சர்ரேயில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. நான் ஒரு காலையில் ஐம்பது குட்டிப் பந்தயம் ஓடிவிட்டு, ‘24-ல்தானே போனோம், ஏன் இப்படிச் செத்துப்போகிறேன்’ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழுவில் இருப்பதிலேயே பலம் குறைந்தவன், இருப்பதிலேயே கஷ்டமான இடத்தை மரியாதை என்று நினைத்துத் தேடிப்போய் நின்றிருக்கிறான்.

இன்னொரு பிழையையும் அவரே கண்டுபிடித்தார். முன்னால் போகிறவருக்கும் எனக்கும் இரண்டு வண்டி இடைவெளி விட்டிருந்தேன், பயம்தான். சமதரையில் சைக்கிள்காரனுக்குப் பெரிய எதிரி காற்று. அதை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்காக ஏறும். 25-லிருந்து 28-க்குப் போவது மூன்றே கிலோமீட்டர் கூடுதல் என்று தோன்றும், ஆனால் காற்றுக்குக் கொடுக்கும் கப்பம் மட்டும் 40 சதவீதம் கூடிவிடும். ஒருவர் பின்னால் நெருங்கி ஒட்டிப் போனால் மொத்த உழைப்பில் கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமாகும். இரண்டு வண்டி தள்ளிப் போனால் அந்த மிச்சத்தில் கணிசமான பகுதி போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், நான் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் வெளியே நின்று காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

குளிரில் இது இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமானது. 2 டிகிரிக் காற்று, எங்கள் திருவாரூரின் 32 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 10 சதவீதம் அடர்த்தி கூடியது. டயர் ரப்பரும் விறைத்துப்போகும். மேலே நாலு அடுக்குத் துணி, காலில் ஷூவுக்கு மேல் இன்னொரு உறை. கோடையில் 27-ல் போனவர் அதே உழைப்புக்கு ஜனவரியில் 25-ல்தான் போவார். ‘ஃபிட்னஸ் போச்சே’ என்று சைக்கிள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்கலங்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பசித்த பிறகு சாப்பிடுகிறவன் கழன்றுபோவான். குளிரில் தாகமும் பசியும் தாமதமாகத்தான் தெரியும். கை உறையைக் கழற்றச் சோம்பல் வேறு. ஒன்றரை, இரண்டு மணி நேரம் அழுத்தி மிதித்தால் தசையில் இருக்கிற மாவுச்சத்து இருப்பு கரையத் தொடங்கும். அப்புறம் வருவது களைப்பு இல்லை, கரண்ட் கட். தலை சுற்றும், கை நடுங்கும், யார் மேலாவது காரணமில்லாமல் கோபம் வரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஒரு பெரிய வாழைப்பழம் கிட்டத்தட்ட முப்பது கிராம். நான் முதல் அரை மணியிலேயே தொடங்கிவிடுவேன். கடலை மிட்டாயை வீட்டிலேயே உடைத்து உள்பனியனை ஒட்டி வைத்துக்கொள்கிறேன், உடம்புச் சூட்டில் கடிக்கிற பதத்தில் இருக்கும்.

மேடுகளில் எங்கள் கிளப்பின் வழக்கம், அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருப்பது. 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒன்பது முறையும் பெண்கள் இரண்டு முறையும் சுற்றி ஏறிய பாக்ஸ் ஹில் எங்கள் பாதையில்தான் இருக்கிறது. இரண்டரை கிலோமீட்டர், ரொம்பச் செங்குத்தும் இல்லை. ஆனால் இந்தக் காத்திருப்பில் ஒரு அநியாயம் உண்டு. முதலில் ஏறினவர் ஆறு நிமிஷம் ஓய்வெடுப்பார், கதை பேசுவார், போட்டோ எடுப்பார். கடைசி ஆள் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா? கிளம்பலாம்!” அதிகம் ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே இல்லை. எங்கள் கேப்டன் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: கடைசி ஆள் தண்ணீர் குடித்து பாட்டிலைத் திரும்ப மாட்டுகிற வரைக்கும் யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது.

அந்தக் கேப்டனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐம்பது தாண்டிய பள்ளி ஆசிரியை. எங்கள் குழுவில் அவரைவிட வேகமாக ஓடுகிறவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை. திரும்பித் திரும்பிப் பார்ப்பார், அதுதான் அவர் வேலை. வளைவு தாண்டினால் கடைசி ஆளிடமிருந்து “ஆல் ஆன்!” என்ற சத்தம் வர வேண்டும். எல்லோரும் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்தக் குரல் முன்வரிசைக்கு வராத வரை வேகம் ஏறாது.

இரண்டாவது குளிர்காலத்தில் நான் கழன்றுபோவது நின்றது. அதோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. அக்டோபர் முழுக்க வீட்டில், சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற டர்போ டிரெய்னர் மேல் வியர்வை கொட்டியிருந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, டீக்கடையிலிருந்து திரும்பும் வழி. தெற்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். அதனால் அந்தத் திசையில் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். முன்வரிசையில் நின்று காற்றைத் தாங்க என் முறை. பக்கத்தில் வந்தவர் அரைச் சக்கரம் முன்னால் போனார். நான் சமன் செய்தேன். அவர் மறுபடி அரைச் சக்கரம். நான் மறுபடி சமன். இருவரும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வானிலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் 31 காட்டியது. பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. எல்லோரும் சுகமாக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்னலில் நின்றதும் கேப்டன் பக்கத்தில் வந்தார்.

“பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்?”

திரும்பி எண்ணினேன். எங்களையும் சேர்த்து ஏழு.

“டீக்கடையிலிருந்து எத்தனை பேர் கிளம்பினோம்?”

பதினொன்று.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி வந்த வழியே போனார். நாங்கள் சிக்னல் ஓரத்தில் கால்களை உதறிக்கொண்டு நின்றோம். இருபது நிமிஷம் கழித்து நாலு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெண்ணுக்கு அன்றுதான் முதல் ரைடு. உதடு நீலமாக இருந்தது. “மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால்தான் தாமதம்” என்று அவர் எங்களிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கப்புறமும் வரவே இல்லை.

பின்னாலிருந்து சத்தம் வராததற்குக் காரணம், கத்துவதற்கு அவர்களிடம் மூச்சு இல்லாததுதான். அதோடு, காற்று முதுகைத் தள்ளும்போது ஒட்டிப் போவதால் கிடைக்கிற நிழலும் குறைந்துவிடும். முன்னால் இருப்பவனுக்குச் சுகமான நேரம் பின்னால் இருப்பவனுக்குப் பாதுகாப்பில்லாத நேரம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முந்தைய வருஷம் அந்த இடத்தில் நின்றவனே நான்தானே.

அன்று இரவு எனக்கு எங்கள் ஊர்த் தேர் ஞாபகம் வந்தது. ஆழித்தேர் ஓடுவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், அது பெரிய காரியமில்லை. சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறார்களே, தேர் ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில் கட்டையைக் கொடுப்பது என்று தெரிந்தவர்களால்தான் அது வீதி திரும்பி நிலைக்கு வரும். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டைக்காரர்கள் போகவில்லை. நாமோ ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பதை வசவாக்கி வைத்திருக்கிறோம். எங்கள் கேப்டன் கட்டைக்காரர். நான் வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டுத் தேரை நகர்த்தியது நான்தான் என்று மார்தட்டிய ஆள்.

பயிற்சி என்று பார்த்தாலும் மெதுவாகப் போவதில் நஷ்டம் இல்லை. நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சி முறைகளை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர் கண்டது, உச்சத்தில் இருக்கிறவர்களே தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்பது. எளிது என்றால் எப்படித் தெரியும்? மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ‘ம்’, ‘ஆமா’ என்று பதில் சுருங்கினால் வேகம் கூடிவிட்டது. கிளப் ரைடில் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு போவதில் இந்த வசதியும் இருக்கிறது. பக்கத்து ஆள் பேச்சை நிறுத்தினால் உங்கள் காலைக் குறையுங்கள். கம்ப்யூட்டரைவிட அது நம்பகமான மீட்டர்.

நான் இப்போது கடைப்பிடிக்கிறதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்கு என் முறை வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் பார்த்து வேகத்தை மனதில் வைத்துக்கொள்வேன், முன்னால் போன பிறகு அதே எண். ஏற்றத்தில் எண்ணை மறந்துவிட்டு உழைப்பை மட்டும் சீராக வைப்பேன், வேகம் விழுந்தால் விழட்டும். இறக்கத்தில் முன்னால் இருந்தால் மிதிப்பதை நிறுத்த மாட்டேன், நிறுத்தினால் பின்னால் இருக்கிற பத்துப் பேரும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். வளைவு தாண்டியதும் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வேகம் எடுப்பேன். முடியவில்லை என்றால் “ஈஸி!” என்று கத்துவேன். இதில் மானம் போக ஒன்றுமில்லை. கத்தாமல் கழன்றுபோனால்தான் பதினொரு பேர் குளிரில் நின்று தேட வேண்டியிருக்கும்.

மட்கார்டு கட்டாயம். குளிர்காலத்தில் சர்ரே சாலைகளில் டிராக்டர் சேறும் சாணியும் கலந்த ஒரு குழம்பு ஓடும். உங்கள் பின்சக்கரம் அதை அள்ளி வீசுவது, உங்களை நம்பி ஒட்டி வருகிறவர் வாயில். அவர் தள்ளிப் போவார், காற்று நிழல் போகும், கழன்றுவிடுவார். இரண்டு பவுண்டு பிளாஸ்டிக் மடலில் ஒருவர் ரைடே காப்பாற்றப்படும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். இங்கே வேலி வெட்டுவது குளிர்காலத்தில்தான், வெட்டிய முள் சாலையெல்லாம் கிடக்கும். அதோடு சுண்ணாம்பு மேடுகளிலிருந்து மழை கழுவிக் கொண்டுவருகிற சிக்கிமுக்கிக் கல் சில்லு, பிளேடு மாதிரி. விறைத்த விரலோடு ட்யூப் மாற்றுவது எவ்வளவு பெரிய தவம் என்று ஒருமுறை செய்தால் புரியும். நீங்கள் மாற்றுகிற பத்து நிமிஷத்தில் குழு மொத்தமும் ஆறிப்போய், அடுத்த பத்து கிலோமீட்டர் கட்டை மாதிரி மிதிக்கும். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் முதல் மேட்டில் வியர்த்து, டீக்கடையில் நடுங்குவீர்கள்.

யாழ்ப்பாணத்துத் தம்பி இப்போது வேகக் குழுவுக்குப் போய்விட்டார். தொப்பை அப்படியே இருக்கிறது. நான் பழைய குழுவிலேயே இருக்கிறேன். இந்த சீசனிலிருந்து கடைசி வரிசையில் நிற்கிற வேலை என்னுடையது. முன்பு மரியாதைக்கு நின்றேன், இப்போது வளைவுக்கு வளைவு எண்ணிப் பார்த்து “ஆல் ஆன்!” என்று கத்துவதற்கு நிற்கிறேன். துருத்தி விரியும்போது ஓடிப் பிடிக்க இப்போது கால் இருக்கிறது.

இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ‘எனக்கு அந்த வேகம் வராது’ என்று தயங்கிக்கொண்டிருந்தால், வருகிற ஞாயிறு எட்டரைக்கு உங்கள் ஊர் கிளப் கூடுகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மட்கார்டு, இரண்டு ட்யூப், ஒரு வாழைப்பழம். இன்றுதான் முதல் நாள் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பிறகு மூண்டாவது வரிசையில நில்லுங்கோ.